ஊரை விட்டுப் போன பிள்ளைகளோடு சபை எப்படித் தொடர்பில் இருப்பது

எங்கள் சபை களியக்காவிளைக்குப் பக்கத்தில், எல்லையை ஒட்டி இருக்கிறது. ஆராதனைக்கு வருகிறவர்களில் சிலருக்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு. இஞ்சிவிளை, பாறசாலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கேரள கார்டு. நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடக்கிற ஓய்வுநாள் பள்ளியில், சின்ன வகுப்பிலிருந்து, சபையின் முழு உறுப்பினராவதற்கு ஆயத்தப்படுத்துகிற திடப்படுத்தல் வகுப்பு வரை பாடம் எடுத்திருக்கிறேன். என்னிடம் வசனம் ஒப்பித்த பிள்ளைகள் இன்றைக்கு பெங்களூர், கொச்சி, துபாய், அயர்லாந்து என்று பல இடங்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் எந்த சபைக்கும் போவதில்லை.

கமிட்டியில் இதைப் பேச ஆரம்பித்தால் செல்போன், சினிமா, கெட்ட சகவாசம் என்று ஒரு சுற்று வந்து நின்றுவிடும். ஆனால் நான் பார்த்தவரையில் கோபித்துக்கொண்டு போனவர்கள் ரொம்பக் குறைவு. பிளஸ் டூ வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வந்தது. அப்புறம் ஹாஸ்டல். அப்புறம் நைட் ஷிஃப்ட். ஒரு மாதம் வரவில்லை, யாரும் கேட்கவில்லை. ஒரு வருடம் வரவில்லை, அப்போதும் யாரும் கேட்கவில்லை. தான் இல்லாதது அங்கே யாருக்கும் தெரியவில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. இந்த இடத்தில்தான் நாம் வேலை செய்ய வேண்டும். பெற்றோருக்கும், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும், கமிட்டியில் இருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று, எங்கள் சபையில் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். திடப்படுத்தல் பதிவேட்டை எடுத்து, இப்போது 18 முதல் 30 வயதுக்குள் இருக்கிற எல்லாப் பெயரையும் அதில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, இப்போது எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், நம் சபையில் அவரோடு கடைசியாகப் பேசியவர் யார் என்று மூன்று விவரம் வேண்டும். முதல் இரண்டையும் அம்மாமாரிடம் கேட்டால் கிடைத்துவிடும். மூன்றாவதை நிரப்பும்போதுதான் நெஞ்சு கனக்கும். பத்து வருடம் நம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளையோடு, வீட்டாரைத் தவிர யாருமே பேசவில்லை என்பது அங்கே தெரியவரும். அந்த நோட்டைக் கமிட்டியில் வாசிக்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். வராதவர்கள் பட்டியல் என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டால் எந்த அம்மாவும் அடுத்த முறை நம்பர் தரமாட்டார்.

அடுத்தது, பேசுவது. யார் பேசுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். போதகர் கூப்பிட்டால் பிள்ளைகள் பயந்துகொள்கிறார்கள், ஏதோ புகார் போயிருக்கிறது என்று. சின்ன வயதில் அவர்களுக்குப் பிடித்த ஆசிரியர், கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டில் கூடவே நடந்த அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா, இவர்களில் ஒருவர் பேசட்டும். ஒருவருக்கு ஐந்தாறு பெயருக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அது கடமையாகிவிடும், குரலிலேயே தெரிந்துவிடும்.

"ஏன் சர்ச்சுக்கு வரல்ல?" என்று ஆரம்பிக்கவே கூடாது. சபைச் சந்தா பாக்கி பற்றியும் அந்தப் பேச்சில் வரக்கூடாது. "மக்ளே, சொகமா இருக்கியா? டூட்டி எப்பிடிப் போகுது? சாப்பாடு ஒத்துக்குதா?" இது போதும். பதிலை முழுசாகக் கேளுங்கள். முதல் அழைப்பில் சபையைப் பற்றி ஒரு வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது, மூன்றாவது முறை பேசும்போது அவர்களே சொல்வார்கள். ரப்பர் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், கத்தி ஆழமாக இறங்கினால் பட்டை காயப்பட்டு, அந்தப் பக்கம் பால் நின்றுவிடும். கேள்வியும் அப்படித்தான். மேலாகக் கேட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், மறுநாளும் வெட்ட வேண்டிய மரம் அது.

பேசப் பேச, ஒவ்வொருவரும் ஏன் விலகினார்கள் என்பது தெரியவரும். எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது.

அமெரிக்காவில் லைஃப்வே ரிசர்ச் என்ற அமைப்பு 2017இல் எடுத்த ஆய்வு ஒன்று உண்டு. பதின்பருவத்தில் ஒரு வருடமாவது ஒழுங்காக புராட்டஸ்டண்ட் சபைக்குப் போனவர்களில் 66 சதவீதம் பேர், 18 முதல் 22 வயதுக்குள் குறைந்தது ஒரு வருடம் போகாமல் இருந்திருக்கிறார்கள். காரணங்களில் முதலில் நின்றது கல்லூரிக்காக இடம் மாறியது, 34 சதவீதம். சபையார் குறை சொல்கிறவர்களாகவோ வேஷக்காரர்களாகவோ தோன்றினார்கள் என்றவர்கள் 32 சதவீதம். சபையில் யாரோடும் ஒட்டுதல் இல்லை என்றவர்கள் 29 சதவீதம். நாடு வேறு, பழக்கம் வேறு, சரி. ஆனால் என் நோட்டில் இருக்கிற பெயர்களைப் பார்க்கும்போதும் இதே மூன்றும்தான் முன்னால் வந்து நிற்கின்றன.

இடம் மாறுவது முதல் காரணம் என்பதால், கிளம்புகிறதற்கு முன்னால் செய்ய வேண்டியதை விரிவாகச் சொல்கிறேன். மற்றதை எல்லாம் விட்டுவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். குழித்துறை ஸ்டேஷனில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட்டால் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிடுவான். அங்கே முதல் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறான் என்பது பெரிய விஷயம். புது ஊரில் முதல் மாதம் போகாதவன், வருடம் முழுக்கப் போவது அபூர்வம். அதனால் ஹாஸ்டலில் விட்டுவர நீங்கள் போகும்போது, சனி இரவு அங்கே தங்குகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். ஞாயிறு காலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் இருக்கிற சபைக்குப் போங்கள். தமிழ் ஆராதனைதான் வேண்டும் என்று நகரத்தின் மறு கோடிக்குப் போகாதீர்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய சபைக்கு எந்த மாணவனும் மூன்றாவது வாரம் போகமாட்டான். நடந்து போகிற தூரத்தில், ஆங்கிலமோ மலையாளமோ, அவனுக்குப் புரிகிற மொழியில் இருந்தால் போதும். ஆராதனை முடிந்ததும் அங்கே ஒரு குடும்பத்திடமாவது பிள்ளையை அறிமுகம் செய்துவிட்டு, நம்பர் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். நம் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., 1947 செப்டம்பர் 27ஆம் தேதி பல மரபுகள் சேர்ந்து உண்டானது. நம்முடையது லண்டன் மிஷன் வழி வந்த காங்கிரிகேஷனல் மரபு. சென்னையிலோ பெங்களூரிலோ ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த சி.எஸ்.ஐ. சபைக்குப் போனால் அங்கியும் முழங்கால்படியிடுதலும் எழுதிய ஜெபங்களுமாக இருக்கும். "நம்ம சர்ச் மாதிரி இல்ல, எப்ப எழும்பணும் எப்ப இருக்கணும்னு தெரியல்ல" என்று ஒரு பெண் என்னிடம் போனில் அழாத குறையாகச் சொன்னாள். அது வேறு சபை இல்லை, நம்முடைய திருச்சபையின் இன்னொரு மரபுதான் என்று விளக்கின பிறகுதான் மறுபடி போனாள். திடப்படுத்தல் வகுப்பிலேயே ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் இந்தக் கஷ்டம் வராது.

நர்ஸாக இருக்கிற பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் உண்டு. அவர்களுக்கு ஞாயிறு என்பது டூட்டி லிஸ்டில் இன்னொரு நாள், அவ்வளவுதான். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுகளான ஓ.இ.டி., ஐ.இ.எல்.டி.எஸ். படிக்கிற காலத்தில் கோச்சிங் கிளாஸும் ஞாயிறில்தான் வைக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளை விலகிப்போனவர்கள் கணக்கில் சேர்ப்பது அநியாயம். இவர்களுக்காக வார நாளில் சாயங்காலம் அரை மணி நேர ஜெபம் ஒன்றைப் போனில் வையுங்கள். பத்து பேர் வேண்டாம், நாலு பேர் சேர்ந்தாலே போதும். நடத்துவது அவர்களில் ஒருவராக இருக்கட்டும்.

மொழியை நாம் கவனிப்பதே இல்லை. பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. நாம் ஆராதனையில் வாசிக்கிற வேதாகமமோ 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் திருத்திய மொழிபெயர்ப்பு, தமிழ் படித்த பிள்ளைக்கே பாதி புரியாது. சின்ன வயதில் கேட்டே பாட்டைப் பாடிவிடுவார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் கையில் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் வெட்கம் வந்துவிடும். அந்த வெட்கத்தில் பின் வரிசைக்குப் போவார்கள், அங்கிருந்து திண்ணைக்கு, திண்ணையிலிருந்து ரோட்டுக்கு. எங்கள் சபையில் பாட்டுகளை மலையாள எழுத்தில் அச்சிட்டு, தனித் தாளாகக் கொடுக்கிறோம். வார்த்தை தமிழ்தான், எழுத்து மட்டும் மலையாளம். மாதம் ஒரு ஞாயிறு ஒரு வேதபகுதியை மலையாள வேதாகமத்திலிருந்து ஒரு பிள்ளை வாசிக்கும். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். இது எல்லை ஊர், இரண்டு மொழியும் நம் வீட்டுச் சொத்து என்று போதகர் பிரசங்க மேடையிலேயே சொன்னார். அதோடு பேச்சு அடங்கியது.

இனி, மனம் புண்பட்டுப் போனவர்கள். பெண் பிள்ளைகள் என்றால் உடையைப் பற்றிப் பேசியது, கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று வாசலில் வைத்துக் கேட்டது. பையன்கள் என்றால் மார்க்கையும் சம்பளத்தையும் ஒப்பிட்டது. இரண்டு பேருக்கும் பொதுவானது, கமிட்டித் தேர்தல் நேரத்துச் சண்டை. அன்பைப் பற்றி நம்மிடம் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கு முன்னால், இரண்டு கட்சியாகப் பிரிந்து முகம் பார்க்காமல் நிற்கிறோம். கோர்ட் வரைக்கும் போகிறோம். அதைப் பார்த்து ஒரு பிள்ளை விலகினால் அந்தப் பிள்ளையிடம் குறை இல்லை. இவர்களுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சொன்னவர் யாரோ அவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். சொன்னவர் மறுத்தால் சபையின் சார்பில் ஒரு மூத்தவர் போகட்டும். "அவங்க அப்பிடித்தான், நீ பெரிசா எடுக்காதே" என்று சமாதானம் சொன்னால், அந்தப் பிள்ளை இரண்டாவது முறையும் புண்படும்.

கேள்வியோடு போனவர்கள் இன்னொரு வகை. எனக்கு ரொம்பப் பிடித்தவர்களும் இவர்கள்தான், வகுப்பில் கவனித்துக் கேட்டவர்கள் இவர்களே. பரிணாமம், மற்ற மதத்து நண்பர்கள், நல்லவர்களுக்கு ஏன் கேன்சர் வருகிறது, பலிபீடத்தில் ஏன் ஆண்கள் மட்டும் நிற்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு நம்மிடம் நல்ல பதில் உண்டு. நம் திருச்சபை பெண்களுக்கும் குருத்துவ அபிஷேகம் கொடுக்கிறது. 2013இல் ஆந்திராவின் நந்தியால் பேராயத்தில் எகோனி புஷ்பலலிதா முதல் பெண் பேராயராக அபிஷேகம் பெற்றார். இதைச் சொன்னபோது கண் விரியப் பார்த்த பெண் பிள்ளைகள் உண்டு. இத்தனை வருடம் சபையில் வளர்ந்தும் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. மற்றக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, படித்தவர் ஒருவரோடு இணைத்துவிடுங்கள். "கேள்வி கேட்காதே, விசுவாசி" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நம் வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பது இந்தப் பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்கிறது. 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த லண்டன் மிஷன் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் தங்கினார். 1809இல் அங்கே ஆலயம் கட்டினார். நம் பாட்டிமார் மேலாடை அணிவதற்கே அடி வாங்கினார்கள், 1859இல் மகாராஜாவின் அறிவிப்பு வரும் வரை தோள்சீலைப் போராட்டம் நீண்டது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன ஹோவர்ட் சோமர்வெல், நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல வருடம் அறுவை சிகிச்சை மருத்துவராக வேலை பார்த்தார். நெய்யூர் வழியாக தினமும் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஒரு சனிக்கிழமை வேன் பிடித்து மயிலாடிக்கும் நெய்யூருக்கும் கூட்டிக்கொண்டு போங்கள், சபைக்கு வராதவர்களையும் சேர்த்து. சபை என்றால் ஞாயிறு ஒன்பது மணி மட்டும்தானா, அடிபட்டவர்கள் நிமிர்ந்து நின்ற இடமும் அதுதானா என்று அவர்களே யோசிக்கட்டும். வேனில் பிரசங்கம் வேண்டாம்.

வேலை கொடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். கொடுக்கிற வேலை என்ன? நாற்காலி போடுவது, பந்தல் கட்டுவது, சாப்பாடு பரிமாறுவது. முடிவெடுக்கிற இடத்தில் ஒரு இளைஞனும் இருக்கமாட்டான். நம் சபைகளில் இளையவர்களுக்கென்று இருக்கிற கிறிஸ்தவ முயற்சி சங்கம் 1881இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் ஆரம்பித்தது. இளையவர்கள் தாங்களே கமிட்டி வைத்து, தாங்களே பொறுப்பெடுத்து நடத்தட்டும் என்பதுதான் அதன் நோக்கம். இன்றைக்கு பல இடங்களில் அதன் செயலாளருக்கு ஐம்பது வயது. அறுப்பின் பண்டிகை ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலாப்பழம், தேங்காய்க் குலை, கோழி, மரச்சீனி எல்லாம் ஏலம் போகும், நல்ல தொகை சேரும். அந்தக் கணக்கு முழுவதையும் இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள இரண்டு பேரிடம் கொடுங்கள். அடுத்த ஞாயிறு அவர்களே எழுந்து நின்று சபை முன் வாசிக்கட்டும். சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி எதற்குப் போக வேண்டும் என்பதையும் அவர்கள் முடிவு செய்யட்டும். 2017இல் ஓகிப் புயல் அடித்தபோதும், 2018இல் கேரளத்தில் வெள்ளம் வந்தபோதும், ஆராதனைக்கு வராத பையன்கள்தான் இரவு முழுக்க அரிசியும் பாயும் கட்டினார்கள். தேவை உண்மையாக இருந்தால் அவர்கள் வருவார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையை வீணாக்காதீர்கள். வெளியூரில் இருக்கிற எல்லோரும் வருகிற ஒரே சமயம் அது. வாசலில் நிற்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், "இப்பந்தான் வழி தெரிஞ்சுதா?" என்று யாரும் கேட்கக்கூடாது. பண்டிகை முடிந்து 27ஆம் தேதியோ 28ஆம் தேதியோ சாயங்காலம், யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் கூட்டுங்கள். மரச்சீனியும் மீன் குழம்பும், கட்டன் சாயாவும் போதும். போதகர் வரட்டும், ஆனால் அன்றைக்கு அவர் கேட்க மட்டும் வருகிறார். பிள்ளைகள் என்ன சொன்னாலும் அன்றைக்குப் பதில் சொல்லக்கூடாது என்று அவரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் போதகர் நோட்டில் குறித்துக்கொண்டு, ஜனவரியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்தார். அந்தப் போன்கள் நன்றாக வேலை செய்தன.

வேறு சபைக்குப் போனவர்களை நோட்டிலிருந்து வெட்டாதீர்கள். பெங்களூரில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள் என்று ஒரு தாய் என்னிடம் வருத்தப்பட்டார். அவள் போகிறாளே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இனி நம்பவில்லை என்று தெளிவாகச் சொல்கிற பிள்ளைகளும் உண்டு. பெற்றோருக்கு இது பெரிய வலி. இரண்டு காரியம் செய்யாதீர்கள். சித்தப்பா, மாமா, போதகர் எல்லோரையும் வீட்டுக்கு வரவழைத்து நடுவில் உட்காரவைத்துப் பேசாதீர்கள். தாத்தா சாவுக்கு வந்தவனிடம் அந்த நேரம் பார்த்து மனம் திரும்பச் சொல்லாதீர்கள். வீட்டில் குடும்ப ஜெபம் வழக்கம்போல நடக்கட்டும். அவன் அறையில் இருந்தால் இருக்கட்டும், ஜெபம் முடிந்ததும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். "உனக்காக ஜெபிக்கிறேன், உனக்குச் சம்மதமா?" என்று ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை. அப்படிச் சொன்னாலும் மனதுக்குள் ஜெபிப்பதை யாரும் தடுக்க முடியாது. அவனிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டாமல் இருந்தால் போதும்.

எத்தனை தடவை கூப்பிடுவது என்று கேட்கிறார்கள். பிறந்தநாள், தேர்வு முடிவு, முதல் சம்பளம், வீட்டில் யாருக்காவது சுகமில்லாத நேரம். இவை தவிர, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சும்மா. எடுக்காவிட்டால் ஒரு வாய்ஸ் மெசேஜ் விடுங்கள், திட்டுவது போல இருக்கக்கூடாது. வசனப் படத்தைத் தினமும் காலையில் அனுப்புவது பேசுவதற்கு ஈடாகாது. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

கடைசியாக, அந்த நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். போதகர்மார் சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள், கமிட்டி தேர்தலோடு மாறும். நோட்டை ஊரிலேயே இருக்கிற ஒரு சபையாரிடம் கொடுங்கள். புதுப் போதகர் வந்த முதல் மாதத்தில் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும், அந்த வருடம் ஊரை விட்டுப் போகிற பிள்ளைகளின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டு இப்போது ஓய்வுநாள் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிற தம்பியிடம் இருக்கிறது. அவனும் ஒரு காலத்தில் அதில் எழுதப்பட்ட பெயர்தான்.